கூரை மேஸ்திரியை மாசியில் தேடுங்கள்



நமது இதழில் வரி பற்றியும், எடையளவு முத்திரை பற்றியும், உணவுப் பாதுகாப்பு உரிமம் பற்றியும் விவரம் அறிந்தவர்கள் எழுதி வருகிறார்கள். நான் எழுத வந்தது நம் தலைக்கு மேலே இருப்பதைப் பற்றி. சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறோம். தராசைச் சோதிக்கிறோம். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். கிடங்கின் கூரையை மட்டும் ஒழுகினால்தான் அண்ணாந்து பார்க்கிறோம். கடலூர் முதுநகரில் நாற்பது ஆண்டுகளாக அரிசி, பருப்பு, வெல்லம் மொத்த வியாபாரம் செய்து வரும் எனக்கு, இந்தப் பாடம் 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் கிடைத்தது. அதற்குக் கட்டிய பள்ளிச் சம்பளம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று "தானே" புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். எனக்கு அப்போது இரண்டு கிடங்குகள், ஒரே தெருவில், எதிரெதிரே. முதல் கிடங்கின் கூரையில் முகட்டு ஷீட் இரண்டு போயிற்று, அவ்வளவுதான். இரண்டாவது கிடங்கில் பாதிக்கு மேல் ஷீட் பறந்து விட்டது. பொங்கலுக்காகச் சேலத்திலிருந்து இறக்கி வைத்திருந்த வெல்லச் சிப்பங்கள் மழையில் கரைந்து, வாசல் வழியாகப் பாகாக ஓடின. துவரம்பருப்பு மூட்டைகள் ஊதிப்போய்த் தையல் விட்டன. மிளகாய் வற்றலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணக்குப் பார்த்ததில் நஷ்டம் 4 லட்சத்து 80 ஆயிரம்.

ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே முதலாளி. கூரை போட்ட ஆள்தான் வேறு. எப்படி வேறு ஆனது என்பதை மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

முதல் கிடங்குக்கு 2008இல் கூரை மாற்றியவர் எங்கள் ஊர் ஷீட் மேஸ்திரி. அவருடைய தகப்பனார் ஓட்டு வேலை செய்தவர். வேலை நன்றாக முடிந்தது. ஆனால் ஒரு மழையில் ஓர் இடத்தில் சொட்டியது என்று சொல்லி, கடைசித் தவணையில் 3,500 ரூபாயைப் பிடித்துக் கொண்டேன். மறுநாளே வந்து வாஷரை மாற்றிச் சொட்டலை நிறுத்திவிட்டுப் போனார். பணத்தை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். வியாபாரிக்கு "அப்புறம்" என்பது எத்தனை வசதியான சொல் என்று நமக்குத் தெரியும்.

2010இல் இரண்டாவது கிடங்குக்கு அவரிடமே எஸ்டிமேட் கேட்டேன். வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் அதைவிட 14,000 ரூபாய் குறைத்துச் சொன்னார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இந்த விலைக்கு இறங்கி வாருங்கள்" என்றேன். அவர் தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொதலாளி, பெயிண்ட்டுல குறைச்சுக்குங்க, கூலியில கூடக் குறைச்சுக்கிறேன். ஸ்க்ரூவுலயும் பர்லின்லயும் கை வைக்காதீங்க." எனக்கு அது ஆள் பிடிக்கிற பேச்சாகப் பட்டது. வேலையை வெளியூராருக்குக் கொடுத்து விட்டேன்.

புயலுக்குப் பிறகு தெருவில் கிடந்த ஷீட்டை எடுத்து, லேத் பட்டறைக்காரரிடம் ஸ்க்ரூ கேஜ் வாங்கி அளந்தேன். அரை மில்லிமீட்டர் என்று பில் போட்டது 0.40தான் இருந்தது. 4 அடிக்கு ஒரு பர்லின் வர வேண்டிய இடத்தில் ஐந்தரை அடிக்கு ஒன்று. ஷீட்டின் மூன்று மேட்டுக்கு ஒரு ஸ்க்ரூ. தாழ்வார ஓரத்தில் இரும்புப் பட்டை கிடையாது. அந்த 14,000 ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஏமாற்றியவர் அவர்தான், ஆனால் என்ன குறைகிறது என்று கேட்காமல் விலையை மட்டும் குறைத்தவன் நான்.

இனி, கூரை எப்படிப் பறக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் நல்ல ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. காற்று ஷீட்டை அமுக்கி உடைப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு. கூரை மேல் காற்று வேகமாகப் பாயும்போது ஷீட்டை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. இந்த இழுப்பு கூரை முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நான்கு மூலைகளிலும், தாழ்வார ஓரத்திலும், முகட்டிலும், பக்கச் சுவர் ஓரத்திலும்தான் மிக அதிகம். ஒரு மூலை கழன்றால் காற்று அடியில் புகுந்து, பாய் சுருட்டுவது போல வரிசையாக உரித்துக்கொண்டு போகும்.

எவ்வளவு இழுக்கும்? பொறியாளர்களின் கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 140 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ. 12 அடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள ஒரு ஷீட்டுக்கு இது 350 கிலோ வரும். ஷீட்டின் சொந்த எடை 18 கிலோ கூட இருக்காது. நம் கணக்கில் சொன்னால், 50 கிலோ மூட்டை ஏழை அந்த ஒரு ஷீட்டில் தொங்க விட்டது போல, ஆனால் மேல்நோக்கி. அந்த ஏழு மூட்டையையும் பிடித்துக்கொண்டு நிற்பவை விரல் நீளமுள்ள சில ஸ்க்ரூக்கள்தான். இந்தியத் தர நிர்ணயத்தின் காற்று வரைபடம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படை வேகமாக விநாடிக்கு 50 மீட்டரை வைத்திருக்கிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். "தானே"யில் நாம் பார்த்தது அதைவிடக் குறைவு என்பதை நினைவில் வையுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும் கூரை மேல் மணல் மூட்டை ஏற்றும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் அது மனசுக்கு ஆறுதல், அவ்வளவே. சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் மூட்டையின் பாரமே அதை விரிசல் விடச் செய்யும். அதைவிட முக்கியமானது ஷட்டர். காற்று வரும் பக்கத்து ஷட்டர் பிய்ந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், வெளிக்காற்று மேலிருந்து இழுக்கும். என் இரண்டாவது கிடங்கில் நடந்தது இதுதான். ஷட்டர் ஓடும் இரண்டு பக்கத் தடங்களும் சுவரில் ஆழமாகப் பதிந்திருக்கிறதா, நடுவில் தாங்கு கம்பி போட வசதி உண்டா என்று பாருங்கள். புயலின் நடுப்பகுதி நம் ஊர் வழியாகப் போனால், சற்று அமைதிக்குப் பின் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் பலப்படுத்தி வைப்பது போதாது.

சரி, ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அவர் பேச்சைக் கேட்டு அல்ல. அவர் போட்ட கூரையைப் பார்த்து. "தானே"வுக்கு முன் போட்டு இன்றும் நிற்கிற கூரை, 2020 நவம்பரில் "நிவர்", 2024 நவம்பர் 30 இரவு "ஃபெஞ்சல்" ஆகியவற்றைத் தாங்கிய கூரை என்று இரண்டு மூன்றைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளூர்க்காரரால்தான் இதைக் காட்ட முடியும். வெளியூர்க்காரர் செல்போனில் படம் காட்டுவார்; படத்தில் எல்லாக் கூரையும் நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கிடங்குக்கு உச்சி வெயிலில் போய், உள்ளே நின்று, ஷட்டரை இறக்கச் சொல்லுங்கள். இருட்டில் கூரையைப் பார்த்தால் ஓட்டைகள் நட்சத்திரம் போலத் தெரியும். ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த ஆளிடம் மேற்கொண்டு பேசலாம்.

பிறகு எஸ்டிமேட்டைத் தாளில் எழுதி வாங்குங்கள். "ஷெட் வேலை மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். ஷீட் என்ன கம்பெனி, என்ன கனம், அந்தக் கனம் பெயிண்ட்டையும் சேர்த்தா சேர்க்காமலா, பர்லின் எத்தனை அடிக்கு ஒன்று, ஸ்க்ரூ மொத்தம் எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஸ்க்ரூவை எண்ணிக்கையில் எழுதச் சொல்வதைப் பலர் கேலி செய்வார்கள். எழுதச் சொல்லுங்கள். நடுக் கூரையில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் போட்டாலும், தாழ்வாரம், முகடு, பக்க ஓரம் ஆகிய இடங்களில் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ வர வேண்டும் என்பது எங்கள் மேஸ்திரியின் வழக்கம். தாழ்வார ஓரத்தில் 40க்கு 6 இரும்புப் பட்டையை நீளவாட்டில் வைத்து முடுக்குவதையும் அவர் விடமாட்டார். அதற்கு ஆகும் செலவு, மொத்தச் செலவில் சுண்டைக்காய்.

ஷீட் பர்லினைப் பிடித்திருந்தால் மட்டும் போதாது. பர்லின் டிரஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும், டிரஸ் சுவரைப் பிடித்திருக்க வேண்டும். சில பழைய கிடங்குகளில் டிரஸ்ஸின் காலைச் செங்கல் சுவர் மேல் வெறுமனே உட்கார வைத்திருப்பார்கள். அங்கே எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் டிரஸ்ஸோடு சேர்ந்து கூரை முழுசாகக் கிளம்பும். டிரஸ்ஸின் காலடியில் கான்கிரீட் மெத்தை வேண்டும், அதற்குள் போல்ட் இறங்கியிருக்க வேண்டும். நல்ல மேஸ்திரி ஷீட்டைப் பார்க்குமுன் இதைத்தான் பார்ப்பார். ஏணி வைத்து ஏறியவர் முதலில் எங்கே கை வைக்கிறார் என்று கீழே நின்று கவனியுங்கள்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. நம் பக்கம் மழைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், ஷீட் அடுக்குவதை அதற்கு எதிர்ப்பக்க ஓரத்தில் தொடங்க வேண்டும்; அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு காற்றுக்கு வாய் காட்டாது. ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு ஸ்க்ரூவை முடுக்கினால், இரண்டு வெயிலில் வாஷர் வெடித்துவிடும். லூஸாக விட்டாலும் ஒழுகும். மாலையில் வேலை முடிந்ததும், துளை போட்ட இரும்புத் தூளைக் கூரையிலிருந்து துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். அந்தத் தூள் கிடந்த இடத்தில்தான் முதல் துரு விழும். கடற்கரை ஊர்களில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ உப்புக் காற்றில் சில வருஷத்தில் தலை கழன்றுவிடும். துத்தநாகப் பூச்சு உள்ளதுதான் வேண்டும். சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் மேட்டில்தான் துளை போட வேண்டும், டிரில்லால் போட வேண்டும், ஆணி வைத்து அடித்து ஓட்டை போடக் கூடாது. பழைய சிமெண்ட் ஷீட்டைக் கழற்றும்போது தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். அதில் கலந்துள்ள கல்நார்த் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்து வியாதியாக வந்து நிற்கும்.

மேலே ஏறுகிறவர் உயிர் நம் பொறுப்பு. பழைய சிமெண்ட் ஷீட் ஆள் பாரம் தாங்காது. பர்லின் வரும் இடத்தில், குறுக்கே பலகை போட்டு, அதன்மேல்தான் நடக்க வேண்டும். இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் கிடங்கில், புயலுக்கு மறுநாள் அவசரத்தில், ஈரக் கூரை மேல் ஒரு பையனை ஏற்றினார்கள். ஷீட் உடைந்து 18 அடி கீழே விழுந்தான். அரிசி மூட்டை அடுக்கின் மேல் விழுந்ததால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பு போயிற்று. இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறான். அன்றைக்கு மழை நிற்க ஒரு நாள் பொறுத்திருந்தால் மேற்கொண்டு நாலு மூட்டை நனைந்திருக்கும், அவ்வளவுதான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்த ஆட்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பதிவு இல்லையென்றால் செய்து கொள்ளச் சொல்லுங்கள். பலகையும் கயிறும் அவரிடம் இல்லையென்றால் நாமே வாங்கி வைத்துவிடலாம். என் கிடங்கில் ஓர் ஓரத்தில் எப்போதும் இருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஏன் மாசி?

ஐப்பசி, கார்த்திகையில் மழை நமக்காகக் காத்திராது. ஆடியில் காற்று, விரிந்த ஷீட்டைப் பிடித்துக்கொண்டு கூரை மேல் நிற்கிறவனையே தூக்கிவிடும். சித்திரை வெயிலில் ஷீட்டில் கை வைக்க முடியாது, காலை பத்து மணிக்கே இறங்கி விடுவார்கள். மாசியும் பங்குனியும்தான் வாகான மாதங்கள். மழை முடிந்து, எங்கெங்கே ஒழுகியது என்று நமக்கும் மறந்திருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. அந்த மாதங்களில் மேஸ்திரிக்கு வேலை குறைவு. குறைவான காலத்தில் வேலை கொடுத்தவனை அவர் நினைவில் வைத்திருப்பார்.

இதை நான் கற்றுக்கொண்டது "தானே" அடித்த அன்று மாலையில். கடைப் பையனை மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவன், "அவர் வீட்டுக் கூரையே இல்லை முதலாளி, பொண்டாட்டி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார்" என்றான். நானே தேடிப் போனேன். எண்ணெய் வியாபாரி ஒருவரின் கூரை மேல் இருந்தார். இறங்கி வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பார்த்தார். "ஒம்பது நாள் ஆகும் மொதலாளி" என்றார். கூலி இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன். "கூலி எல்லாருக்கும் பழைய கூலிதான். வருஷா வருஷம் கூப்பிடுறவங்க எட்டுப் பேர் இருக்காங்க, அவங்களுக்கு அப்புறம் நீங்க" என்றார். நோட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே 3,500 பாக்கி என்று எழுதியிருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. எழுதி மட்டும் வைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏனென்றால் நானும் அப்படித்தான் வியாபாரம் செய்கிறேன். சரக்குத் தட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதல் மூட்டை போடுகிறேன்? வருஷம் முழுக்க வாங்கி, கணக்கைச் சரியாகத் தீர்க்கிற வாடிக்கைக்காரருக்கு. விலை குறைந்த இடம் தேடி ஓடிவிட்டு, தட்டுப்பாட்டில் மட்டும் என் கடை வாசலில் நிற்கிறவருக்குக் கடைசியில். அவர் நோட்டில் நான் அந்தக் கடைசி ஆள்.

அந்த ஒன்பது நாளில் லாரியில் ஷீட்டோடு வந்து, முழுப்பணமும் முன்னதாகக் கேட்டவர்கள் மூன்று பேர். எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களிடம் கொடுத்தவர்களில் சிலருக்கு அடுத்த ஐப்பசியிலேயே மறுபடி ஒழுகியது. கூப்பிட ஆள் இல்லை. நான் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு காத்திருந்தேன். பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு அவர் வந்தார். பழைய பாக்கியை அங்கேயே கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டு ஏணியைக் கேட்டார்.

பணம் கொடுக்கும் முறையையும் சொல்லி விடுகிறேன். சாமான்களை இப்போது நானே என் கடை பெயரில் பில் போட்டு வாங்கிவிடுகிறேன். கனத்தை அளந்து இறக்கிக்கொள்ளலாம். பழுதுபார்ப்புச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது, ஜி.எஸ்.டி. வரவு எடுக்க முடியுமா என்பதை உங்கள் கணக்கரிடம் கேளுங்கள். மூலதனக் கணக்கில் ஏற்றினால் ஒரு விதம், செலவில் எழுதினால் வேறு விதம். கூலியில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், பாதி வேலையில் ஒரு பங்கு, மீதி வேலை முடிந்த அன்றே. மழை வரட்டும் என்று பிடித்து வைப்பதில்லை. சொட்டினால் வருவார் என்று தெரிந்தவரிடம் எதற்குப் பிடித்து வைக்க வேண்டும்?

இன்ஷூரன்ஸ் பற்றி இரண்டு வார்த்தை. 2021 ஏப்ரல் முதல், கட்டிடம், சரக்கு எல்லாம் சேர்த்து ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்ற பாலிசி வந்திருக்கிறது. புயல், வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். ஆனால் சரக்கின் மதிப்பை அவ்வப்போது உயர்த்தி எழுத வேண்டும். 2011இல் என் பழைய பாலிசியில் நான்கு வருஷத்துக்கு முந்தைய சரக்கு மதிப்பையே வைத்திருந்ததால், நஷ்டத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வந்தது. மாசியில் வேலை முடிந்ததும் கூரையை உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்து, கூலி ரசீதோடு சேர்த்து வைத்துவிடுங்கள். சேதம் பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது, கூரை அதற்கு முன் நல்ல நிலையில் இருந்ததா என்பதைத்தான்.

மேஸ்திரிக்கு இப்போது முழங்கால் வலி, மேலே ஏறுவதில்லை. இந்த வருஷம் மாசியில் மகன் ஏறினான். அவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து கொண்டு, ஷட்டரை இறக்கச் சொல்லி, இருட்டில் விரல் நீட்டி இடம் காட்டினார். இரண்டு கிடங்கிலும் சேர்த்து 38 ஸ்க்ரூ மாற்றியது, தாழ்வாரப் பட்டையில் ஒரு முனை துருப்பிடித்து வெட்டி ஒட்டியது, ஒன்றரை நாள் வேலை. அன்று மாலையே கணக்குத் தீர்ந்தது.